ஊர்சுத்தி பதில்கள்: ராமேஸ்வரத்துக்கு முன்னாடி ராம்நாட்டுல ஒரு ராத்திரி

கேள்வி: காசிக்குப் போயிட்டு கார்லயே திரும்புறோம். நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, மதுரைன்னு வந்து ராமேஸ்வரத்துல முடிக்கணும். மதுரையத் தாண்டும்போதே பொழுது சாஞ்சிரும். வீட்டுக்காரர் ராமநாதபுரத்துல தங்கிட்டு காலைல போகலாம்ங்குறார். மாமியார் "அந்த ஊர்ல என்ன இருக்கு, ஒரே மூச்சா கோயிலுக்கே போயிருவோம்"ங்குறாங்க. யார் பக்கம் நிக்கிறது? (ஓசூர் வாசகி)

பதில்: அக்கா, இந்த ஒரு தடவை வீட்டுக்காரர் பக்கம் நில்லுங்க. மதுரைலேருந்து பரமக்குடி வரைக்கும் நாலு வழி, வண்டி தானா ஓடும், அதுக்கப்புறம் ராம்நாடு வரைக்கும் நாப்பது கிலோமீட்டருக்கு மேல ரெண்டு வழிதான். அதை நாலு வழியாக்க 2025 ஜூலைல மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்திருக்கு, வேலை முழுசா முடியிற வரைக்கும் ராத்திரி அந்த ரோட்டுல ஓட்டுறது கண்ணுக்கு வேலை. ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலங்காடு, எதிர்ல வர்ற பஸ்ஸு டிம் பண்ணவே மாட்டான், நடுவுல ஆட்டுக்கிடை ஏதாச்சும் ரோட்டைக் கடக்கும். காசிலேருந்து ஓட்டிட்டு வர்ற ஆளு, இன்னும் கொஞ்ச தூரந்தானேன்னு அசந்து போறது இங்கதான். பழைய கணக்குல காசி டு கன்னியாகுமரி என்.எச். 7ங்குறதே 2,369 கிலோமீட்டர், அதுல பெரும்பகுதிய முடிச்சுட்டு வர்றீங்க, ராம்நாட்டுக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல இருக்குற 55 கிலோமீட்டர் ஒரு ராத்திரி காத்திருக்கட்டும். இன்னொண்ணு, தை, ஆடி, மகாளய அமாவாசையை ஒட்டி வந்தீங்கன்னா ராமேஸ்வரத்துல ராத்திரி பதினோரு மணிக்கு ரூம் தேடுறது பெரிய பாடு, ரேட்டும் வாய்க்கு வந்ததச் சொல்லுவாங்க.

மாமியாருக்கு ரோட்டுக் கதை எடுபடாது. அவங்ககிட்ட சேது யாத்திரை முறையச் சொல்லுங்க. அந்தக் காலத்துல யாரும் நேரா ராமேஸ்வரத்துல போய் இறங்க மாட்டாங்க, உப்பூர் வெயிலுகந்த பிள்ளையாரைக் கும்பிட்டு, தேவிபட்டினத்துல நவபாஷாணத்தைச் சுத்தி, திருப்புல்லாணில பெருமாளைப் பாத்து, சேதுக்கரைல முங்கிட்டு அப்புறந்தான் தீவுக்குப் போவாங்க. இத்தனைக்கும் நடுவுல உக்காந்திருக்குற ஊரு ராம்நாடு. காலைல வெயில் ஏறுறதுக்குள்ள தேவிபட்டினம் போயிருங்க, 15 கிலோமீட்டர்தான். நவபாஷாணம்ங்குறது கடலுக்குள்ள நவகிரகமா நிக்கிற ஒம்போது கல்லு, சுத்தி வர நடைமேடை இருக்கு, தண்ணி ஏறியிருந்தா சில கல்லு உச்சி மட்டுந்தான் தெரியும், அதுக்காக மனசு ஒடிஞ்சிர வேணாம். திரும்பி ராம்நாடு வந்து தெக்க ஒரு 10 கிலோமீட்டர் போனா திருப்புல்லாணி, ராமர் தர்ப்பைப் புல்லு மேல படுத்திருக்குற கோலம், 108 திவ்ய தேசத்துல ஒண்ணு. அங்க பால் பாயசம் பிரசாதம் விசேஷம். அதை ஒரு வாய் சாப்பிட்டதும் மாமியார் மாமனாரை மாதிரி ஆயிருவாங்க, நீங்க சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுவாங்க.

கங்கைத் தண்ணி கேன்ல கொண்டு வர்றீங்களான்னு நீங்க எழுதல, ஆனா காசிக்குப் போன எல்லாரும் கொண்டு வருவாங்கங்கறதால சொல்றேன். ராமநாதசுவாமி அபிஷேகத்துக்கு செம்பு, பித்தளை, வெண்கலப் பாத்திரத்துல இருக்குற கங்கைத் தண்ணியத்தான் ஏத்துக்குறது அந்தக் கோயில் வழக்கம், தகரம் இரும்பெல்லாம் ஆகாது. மூடி பத்தவச்ச சின்னச் செம்பா வாங்கியிருந்தா ஒரு தடவை தூக்கி ஆட்டிப் பாருங்க, இத்தனை நாள் டிக்கி சூட்டுல பத்தவச்ச இடம் விட்டுப்போய் தண்ணி பாதியா இருக்கும், கீழ விரிச்ச துணி ஈரமா இருந்தா அதுதான் சங்கதி. பிளாஸ்டிக் கேன்னா ராம்நாடு கடைத்தெருவுல ஒரு செம்புச் சொம்பு வாங்கி மாத்திக்கிருங்க, ராமேஸ்வரம் சன்னதித் தெருவுல அவசரத்துக்கு வாங்குனா என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும்.

விடியக்காலம் ஸ்படிக லிங்க தரிசனம் பாத்தே ஆகணும்னு மாமியார் பிடிவாதமா நின்னா மட்டும் மறு ராத்திரி ராமேஸ்வரத்துல தங்குங்க. அதுக்காக முதல் நாள் ராத்திரியே ஓட்டிட்டுப் போக வேணாம்.

கேள்வி: உங்க பதிலை எல்லாம் படிக்கிறேன். எல்லாரையும் ராம்நாட்டுல தங்குங்கன்னே சொல்றீங்களே, அந்த ஊர் லாட்ஜ்காரங்க கமிஷன் ஏதும் தர்றாங்களா? (ராமேஸ்வரம் வாசகர்)

பதில்: வாங்க அண்ணே, உங்க ஊரு கூட்டத்தை நாங்க பிரிச்சு வாங்கிக்கிறோம்னு சந்தோசப்படாம சண்டைக்கு வர்றீங்க. ஒரு டீ கூட யாரும் வாங்கித் தரல. சேதுபதிங்குற பட்டமே சேதுவுக்குப் போற வழியக் காக்குறவருங்கறதாலதான் வந்துச்சு, அந்த ராஜாக்க யாத்திரைக்காரங்களுக்காக வழி நெடுக சத்திரம் கட்டி வச்சாக. அப்ப இருந்தே இது தங்கிப் போற ஊருதான், நான் புதுசா ஒண்ணும் சொல்லிறல. ஒரு மணி நேரம் இருந்தா அரண்மனைக்குள்ள ராமலிங்க விலாசம் போய்ப் பாக்கச் சொல்லுங்க, கிழவன் சேதுபதி கட்டுனது, சுவரு முழுக்க ஓவியம். போர் இருக்கு, ராமாயணம் இருக்கு, வெள்ளைக்காரன் தொப்பி போட்டுக்கிட்டு ராஜாவைப் பாக்க வந்து நிக்கிறதும் இருக்கு. சிகாகோ போயிட்டுத் திரும்பின விவேகானந்தர் 1897 ஜனவரி 26ந் தேதி உங்க பாம்பன்ல இறங்கி, அப்புறம் எங்க ராம்நாட்டுக்கும் வந்தாரே, அவருக்கு யார் கமிஷன் குடுத்தது?

கேள்வி: நாங்க மூணு பேர் காஷ்மீர்லேருந்து சைக்கிள்ல வர்றோம், தனுஷ்கோடி அரிச்சல்முனைல முடிக்கிறது பிளான். கடைசி ரெண்டு நாளை எப்படிப் பிரிக்கிறது? பாம்பன் பாலத்துல சைக்கிள் விடுவாங்களா? (கோவை வாசகர்)

பதில்: தம்பி, விடுவாங்க. பக்கத்துல இருக்குறது ரயில் பாலம், உங்களுக்கு ரோட்டுப் பாலம், 1988 அக்டோபர் 2ல திறந்தது, ரெண்டேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. நடுவுல மேடேறி இறங்கும். உங்களுக்கு எதிரி மேடு இல்ல, காத்துதான். ஆடி மாசம்னா பக்கவாட்டுல தள்ளும், பின்னாடி பஸ்ஸு வேற ஹாரன் அடிக்கும், பெரிய பை கட்டியிருந்தீங்கன்னா பேசாம இறங்கி ஓரமா உருட்டிட்டுப் போங்க, காஷ்மீர்லேருந்து வந்தவன் ரெண்டு கிலோமீட்டர் உருட்டுனான்னு யாரும் சொல்ல மாட்டாங்க. மார்கழி பக்கம் வந்தா வாடைக்காத்து மூஞ்சிக்கே அடிக்கும்.

ராம்நாட்டுல தங்குறன்னிக்கே டியூபு, செயினு, பிரேக்கு எல்லாம் பாத்துருங்க. பட்டணம்காத்தான்ல கிழக்குக் கடற்கரைச் சாலை வந்து சேருற இடம் தாண்டிட்டா உச்சிப்புளி, மண்டபம்னு சின்னச் சின்ன ஊருங்கதான். மறுநாள் விடியும் முன்னாடி கிளம்புனா வெயில் ஏறும்போது ராமேஸ்வரம். அங்கேருந்து அரிச்சல்முனை இன்னும் 20 கிலோமீட்டர் சொச்சம், அதை அன்னிக்கே சாயங்காலம் அடிச்சுரலாம்னு நினைக்காதீங்க, பொழுது சாயும்போது தனுஷ்கோடிப் பக்கம் போக விடாம போலீஸ் திருப்பி அனுப்பிருவாங்க. அதனால அதுக்கு அடுத்த நாள் காலைதான் தோது.

அந்த ரோடு 2017ல திறந்தது, நேரா ஓடும், மரம் மட்டைன்னு ஒண்ணும் கிடையாது. இடது கைப்பக்கம் பாக் ஜலசந்தி, வலது கைப்பக்கம் மன்னார் வளைகுடா, இங்க மீனவங்க ஒண்ணைப் பெண் கடல்ம்பாங்க இன்னொண்ணை ஆண் கடல்ம்பாங்க, நின்னு பாத்தா ஏன்னு புரியும், ஒரு பக்கம் குளம் மாதிரி கிடக்கும் மறு பக்கம் குதிக்கும். ஆண் கடல்ல குளிக்க இறங்கிறாதீங்க. காத்து அடிச்சா மணலு ரோட்டு மேலயே ஏறிக் கிடக்கும், அதுல டயர் வழுக்கும். தண்ணி ராமேஸ்வரத்துலயே ரொப்பிக்கங்க. வழியில இடிஞ்ச சர்ச்சு தெரியும், 1964 டிசம்பர் புயல்ல போன ஊரு அது, பாசஞ்சர் ரயிலே ஆளோட கடலுக்குள்ள போயிருச்சு. சத்தமில்லாம பாத்துட்டுப் போங்கன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, செல்பி ஸ்டிக்கோட வர்ற கூட்டத்துக்குத்தான் சொல்லணும்.

கேள்வி: அம்மாவுக்கு முட்டி வலி. பனாரஸ்லேருந்து ரயில்ல கூட்டிட்டு வர்றேன். பாலம் வேலை நடக்குதுன்னு மண்டபத்துல இறக்கி விட்டுருவாங்கன்னு சொந்தக்காரங்க பயமுறுத்துறாங்க. (சேலம் வாசகர்)

பதில்: அது பழைய செய்தி. 2022 டிசம்பர்ல பழைய பாலத்துல ரயில நிறுத்துனாங்க, அப்ப மண்டபம், ராம்நாடோட வண்டி நின்னுச்சு. 2025 ஏப்ரல் 6ந் தேதி புதுப் பாலம் திறந்தாச்சு, ராமேஸ்வரம் வரைக்கும் ரயில் போகுது. பழைய 1914 பாலத்துல நடு கர்டர் ரெண்டா விரிஞ்சு மேல தூக்குச்சு, இந்தப் புதுசுல 72.5 மீட்டர் நீளத் துண்டு படுத்த வாக்குல லிப்ட் மாதிரி 17 மீட்டர் உசரத்துக்குப் போகும். ரயில்ல இருக்குறப்ப அது தூக்குறதைப் பாக்க முடியாது, அம்மாகிட்ட ஆசை காட்டிறாதீங்க. காத்து ரொம்ப அடிச்சா பாலத்துக்கு முன்னாடி வண்டிய நிறுத்தி வைப்பாங்க, பிஸ்கட்டும் மாத்திரையும் கைப்பைல இருக்கட்டும். கோயில்ல 22 தீர்த்தமும் நடந்து நடந்து குளிக்கணும், கல்லுத் தரை ஈரத்துல வழுக்கும், முட்டி வலிக்காரங்களுக்கு வேணாம், அக்னி தீர்த்தக் கடல்ல காலை நனைச்சு தலையில தெளிச்சுக்கிட்டா போதும்.

கேள்வி: மே மாசம் ராம்நாடு வர்றோம். மீன் சாப்பாடு எங்க நல்லா இருக்கும்? (ஈரோடு வாசகர்)

பதில்: தேதிய மாத்த முடியுமான்னு பாருங்க. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது. நாட்டுப்படகு மீனு கொஞ்சம் வரும், விலையக் கேட்டா கோழியே தேவலைன்னு தோணும், அப்பவும் தட்டுல மலையா மீனு வச்சு வெல கம்மியா குடுத்தா அது ஐஸ்ல கிடந்து வந்ததுன்னு வச்சுக்கங்க. அந்த நேரத்துல நொங்கு நல்லா கிடைக்கும், அதைச் சாப்பிடுங்க. கீழக்கரை போனா தொதல்ங்குற இனிப்பு வாங்குங்க, வீட்டுக்கு எங்க ஊரு குண்டு மிளகாய் ஒரு கிலோ, 2023ல புவிசார் குறியீடு வாங்குனது. குழம்புல போடும்போது பாத்துப் போடுங்க, ஈரோட்டு அளவு ஆகாது.