கண்ணாடில நல்லாத்தான் இருக்கேன், போட்டோல மட்டும் ஏன் இப்படி?

மேடம் வணக்கம். எனக்கு 28 வயசு, மண்டபம் பக்கத்துல ஒரு கிராமம். ஐஸ் கம்பெனில கணக்கு பாக்குறேன், அப்பாவுக்கு நாட்டுப்படகு. வீட்ல பொண்ணு பாத்துக்கிட்டுதான் இருக்காங்க ஆனா எனக்கு நாலு வார்த்தை பேசிப் பழகிட்டு கட்டணும்னு ஆசை, அதான் டேட்டிங் ஆப்ல சேந்தேன். சேந்ததோட சரி, போட்டோ போட முடியல. கண்ணாடில பாத்தா ஓகேவா இருக்கேன், அதே மூஞ்சிய போன்ல எடுத்தா மூக்கு பெருசா, வாய் ஒரு பக்கம் கோணலா, யாரோ மாதிரி இருக்கு. ராத்திரி சாப்ட்டு மொட்டை மாடிக்கு போயி லைட்ட போட்டு எடுப்பேன், ஜூம் பண்ணி பாப்பேன், அழிப்பேன், திரும்ப எடுப்பேன், மணி பன்னெண்டு ஆயிரும். பிரெண்டு ஒருத்தன் பில்டர் போட்டு என்னை வெள்ளையா ஆக்கி குடுத்துருக்கான், இதப் போடுடா, படகு கரை எதுவும் தெரியக்கூடாது, ஸ்டுடியோல கோட்டு போட்டு ஒண்ணு எடுத்துக்கோங்குறான். போடவா மேடம்? எனக்கு கோளாறு மூஞ்சிலயா மனசுலயா?

பதில்:

தம்பி, முதல்ல மூக்கு மேட்டர முடிச்சிருவோம், அது உங்க மூக்கு தப்பில்ல, உங்க கையோட நீளம். கைய நீட்டி எடுக்குறப்ப போன் மூஞ்சிக்கு ரொம்ப கிட்ட வந்துருது, கிட்ட இருக்கறது பெருசாத் தெரியும், மூஞ்சில முன்னாடி நிக்கிறது மூக்குதான். 2018ல அமெரிக்க டாக்டர்கள் சிலர் இத கணக்கு போட்டே காட்டுனாங்க, அஞ்சடி தள்ளி நின்னு எடுக்குறத விட ஒரு அடில எடுத்தா மூக்கு கிட்டத்தட்ட 30 சதவீதம் அகலமாத் தெரியுதாம். அதனால போன வேற ஆள் கைல குடுங்க, அஞ்சாறு அடி தள்ளி நிக்கச் சொல்லுங்க, பின்னாடி கேமரால எடுக்கச் சொல்லுங்க.

கோணல் கதை வேற. நம்ம யாரு மூஞ்சியும் ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருக்காது, சின்ன வயசுல இருந்து நீங்க கண்ணாடில பாத்துப் பழகுன மூஞ்சி இடம் வலம் மாறுனது, போட்டோல அது நேரா வரும்போது நமக்கு மட்டும் என்னமோ இடிக்கும். 1977ல மீட்டா, டெர்மர், நைட்னு மூணு ஆராய்ச்சியாளருங்க இத சோதிச்சாங்க, அவங்கவங்களுக்கு கண்ணாடில தெரியிற மாதிரி படம்தான் பிடிச்சது, அவங்க பிரெண்டுகளுக்கு நேரான படம்தான் பிடிச்சது. அதாவது நீங்க அழிச்ச படத்துல ஊர்க்காரங்க தெனம் பாக்குற உங்க மூஞ்சிதான் இருந்துருக்கும்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம், எந்தப் படத்த போடணும்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. சும்மா சொல்லல, 2017ல ஆஸ்திரேலியால பண்ண ஆய்வுல ஆளுங்க தாங்களே தேர்ந்தெடுத்த படத்த விட முன்னப்பின்ன தெரியாதவங்க தேர்ந்தெடுத்துக் குடுத்த படம்தான் பாக்குறவங்களுக்கு நல்லாப் பட்டுருக்கு. உங்க படத்த நீங்க பாக்குறப்ப குறைய மட்டும் தேடுவீங்க. பத்து பதினஞ்சு படத்த உங்கள அவ்வளவா தெரியாத ரெண்டு பேருகிட்ட காட்டுங்க, முக்கியமா ஒரு பொண்ணுகிட்ட. அந்த பில்டர் பிரெண்டு வேணாம்.

மொட்டை மாடி லைட்டு உச்சந்தலைல அடிச்சா கண்ணு ரெண்டும் குழியாத்தான் தெரியும், மத்தியானம் அரியமான் பீச் மணல்ல நின்னாலும் அதே கதைதான், போதாததுக்கு மணல் கூசி கண்ண இடுக்கிக்குவீங்க. காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வடகடல் கரைக்கு போங்க, இல்ல சாயங்காலம், வேற நேரம்னா கரையேத்தி வச்ச படகு நிழல்ல வெளிச்சத்தப் பாத்து நில்லுங்க. போஸ் குடுக்காதீங்க, எடுக்குறவன வாயக் கிளற விடுங்க, நீங்க பதில் சொல்லிக்கிட்டு இருக்கும்போது எடுக்கட்டும். பாம்பன் பாலத்துல வண்டிய நிறுத்தி எடுக்காதீங்க, ஆபத்து, அதோட டூரிஸ்ட் அத்தன பேரும் அங்கதான் எடுக்குறாங்க.

வெள்ளையாக்குன படம் வேணவே வேணாம். நாளைக்கு ஒரு பொண்ணு வீடியோ கால் வான்னா என்ன பண்ணுவீங்க, டவர் இல்லன்னு எத்தன நாள் ஓட்டுவீங்க? கருப்பு பிடிக்காதவங்க இப்பவே ஒதுங்கிட்டா உங்களுக்கு டைம் மிச்சம். கோட்டு, உங்களுக்கே கூச்சமா இருந்தா விட்டுருங்க. ஐஸ் பார் உடைச்சு பெட்டில அள்ளிப் போடுற இடத்துல, காதுல பேனாவ சொருகிக்கிட்டு கணக்கு நோட்டோட நிக்கிற படம் ஒண்ணு இருந்தா அத வச்சே ஒரு பொண்ணு பேச்ச ஆரம்பிக்கலாம், கோட்டுல என்னத்த கேக்குறது?

மனசுலயான்னு கேட்டீங்க. நல்ல படம் கெடைச்சதும் ராத்திரி கூத்து நின்னுருச்சுன்னா ஒண்ணுமில்ல. அதுக்கப்புறமும் மூக்கையே பாத்துக்கிட்டு தூக்கம் கெடுது, மூஞ்சிக்காக கல்யாணம் காதுகுத்துக்கு போறதையே விடுறீங்கன்னா 14416க்கு போன் போடுங்க, அரசாங்கத்தோட டெலி மானஸ்ங்குற மனநல உதவி நம்பர், காசு கிடையாது, எந்நேரமும் தமிழ்லயே பேசலாம்.

படகு தெரியலாம், பதிவு நம்பர் மட்டும் தெரியாம பாத்துக்கங்க, வீட்டு வாசலும் வேணாம். தங்கச்சி, அண்ணி இருக்குற குரூப் போட்டோன்னா அவங்களக் கேக்காம போடாதீங்க.