கிட்டார் டோன் வயரிங்: சேலத்துல இருந்து கேள்வி பதில்

வணக்கம்ங்க. அஸ்தம்பட்டில வீட்டு மாடில மேசை போட்டு பதினஞ்சு வருசமா எலக்ட்ரிக் கிட்டார் வயரிங் பார்த்துட்டு வர்றேன். டோன், வால்யூம், சுவிட்ச், பிக்கப் (கம்பி அதிர்வ மின் சிக்னலா மாத்துற பார்ட்) இது பத்தி கேளுங்க, தெரிஞ்சத முழுசா சொல்றேன். ஒரே ஒரு விசயம் மொதல்லயே சொல்லிடறேன்: பிக்கார்ட (வயரிங்க மூடியிருக்குற முன்பக்க தகடு) கழட்டின உடனே, ஒரு வயரக்கூட தொடாம, நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைங்க.

அம்மாபேட்டை தம்பி: ஸ்ட்ராட் மாடல் கிட்டார்ண்ணா. பிரிட்ஜ் பிக்கப்ல வச்சா காத கிழிக்குது, ரெண்டு டோனையும் திருப்பி பார்த்துட்டேன், ஒண்ணுமே மாறல. டோன் போயிடுச்சா?

போகல தம்பி, ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-ல வந்தப்பவே அப்படித்தான் வயர் பண்ணாங்க. மொத டோன் கழுத்துப் பக்கம் இருக்குற நெக் பிக்கப்புக்கு, ரெண்டாவது டோன் நடு பிக்கப்புக்கு, கம்பி முடியற பக்கம் இருக்குற பிரிட்ஜ் பிக்கப்புக்கு ஒண்ணுமே கிடையாது. மத்த கம்பெனிக்காரங்க நிறைய பேரு அதையே காப்பி அடிச்சிருக்காங்க, அதனால உன் கிட்டார்லயும் அதே கதைதான். இத சரி பண்ண புது பார்ட் எதுவும் வேணாம், ஒரு இஞ்ச் வயர் போதும். அஞ்சு வழி சுவிட்ச்ல ஒரு பக்கம் பிக்கப் வயர் மூணு வந்து சேரும், இன்னொரு பக்கத்துல ரெண்டு டோனுக்கு போற வயர் இருக்கும், அங்க மூணாவது கால் (வயர பத்து வைக்கிற முனை) காலியா நிக்கும் பாரு, அதுதான் பிரிட்ஜோட கால். நடு டோன் வயர் இருக்குற கால்ல இருந்து அந்த காலிக்காலுக்கு ஒரு சின்ன வயர் போட்டுட்டா ரெண்டாவது டோன் நடுவுக்கும் பிரிட்ஜுக்கும் சேர்ந்து வேலை செய்யும். வெல கம்மியான கிட்டார்ல எட்டு காலும் ஒரே வரிசைல இருக்குற சுவிட்ச் வரும், அதுல கால் வரிசை வேற, அதனால யூகிக்காம மல்டிமீட்டர பீப் சத்தத்துல வச்சு எந்த கால் எதோட சேருதுன்னு பார்த்துட்டு அப்புறம் சால்டர் வை. பண்ணிட்டு டோன ஏழுல வச்சு வாசிச்சு பாரு, அந்த கிழிசல் போயிடும்.

செவ்வாய்ப்பேட்டை: நாங்க கொலுசுப் பட்டறைங்க, பத்து வைக்கிறது கைவந்த வேலை. அதே முறைல கிட்டார்லயும் வைக்கலாமா?

கை பழக்கம் உங்களுக்கு பெரிய பலம்ங்க, ஆனா பொருள் எதையும் அங்கிருந்து எடுத்துட்டு வராதீங்க. வெள்ளிக்கு நீங்க வெங்காரம் போட்டு ஊதுற சூடு 600 டிகிரிக்கு மேல, இங்க 60/40 ஈயம் 190 டிகிரி பக்கத்துலயே உருகிடும், நெருப்ப காட்டினா வயர் தோலும், பாட் (டோன், வால்யூம் குமிழுக்கு அடில இருக்குற பார்ட்) உள்ள இருக்குற கார்பனும் சேர்ந்து கருகிடும். ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டவே வேண்டாம், வச்ச அன்னைக்கு பளபளன்னு இருக்கும், சில மாசத்துல பச்சை பூத்து செம்ப அரிச்சிடும். அப்படி அரிச்சு போன கிட்டார நானே மேசைல பார்த்திருக்கேன், பழைய சாமான் ஒண்ணையும் காப்பாத்த முடியல. ரோசின் உள்ள இருக்குற ஈயக்கம்பி மட்டும் வாங்குங்க. பாட் முதுகுல எர்த் வயர் வைக்கறப்ப உப்புத்தாள்ல லேசா சொரண்டிட்டு, 40 வாட்டோ 60 வாட்டோ அகலமான முனைல மூணு நாலு செகண்டுல முடிச்சிடுங்க. 25 வாட் ஊசி முனைய வச்சு அரை நிமிசம் அமுக்கினா பாட் வெந்துடும்.

கெப்பாசிட்டர் எது பெஸ்ட் சார்?

டோன் பாட்ல இருக்குற கெப்பாசிட்டரா? ஹம்பக்கருக்கு (ரெண்டு காயில் பிக்கப்) 0.022 மைக்ரோஃபாரட், சிங்கிள் காயிலுக்கு (ஒரு காயில் பிக்கப்) 0.022 இல்லன்னா 0.047. ஆரம்ப கால ஸ்ட்ராட்ல 0.1 இருந்துச்சு, டோன முழுசா குறைச்சா கம்பளிய போர்த்தின மாதிரி இருக்கும். கடையில கண்டென்சர்னு கேட்டாலும் குடுப்பாங்க, மேல 223-ன்னு இருந்தா 0.022, 473-ன்னா 0.047, 104-ன்னா 0.1. பச்சை கலர் பாலியஸ்டர் போதும்.

ஏற்காடு, எஸ்டேட்ல வேலை: மழை சீசன்ல பனி வீட்டுக்குள்ளயே வருது. டோன் திருப்பினா கரகரன்னு சத்தம்.

ஈரம்தாங்க காரணம், உங்க ஊர்ல இருந்து வர்ற கிட்டார்ல பாதி இதே கேஸ்தான். எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் வாங்கி, பாட் கால் பக்கத்துல இருக்குற சந்துல ஒரு தடவ அடிச்சு, இருபது முப்பது தடவ முழுசா திருப்புங்க. துரு எடுக்குற எண்ணெய் ஸ்பிரேய அடிக்காதீங்க, அது உள்ள பிசுபிசுன்னு தங்கி தூசிய சேர்க்கும். கிளீன் பண்ணியும் ஒரே இடத்துல கரகரத்தா கார்பன் தேஞ்சிருச்சு, மாத்திடுங்க. வாசிச்சு முடிச்சதும் செவுத்துல மாட்டாம பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு வைங்க.

டோன் 10-ல இருந்து 2 வரைக்கும் ஒண்ணும் ஆகல, அப்புறம் சடார்னு மொத்தமும் இருட்டாயிடுது.

பாட் அடில பி500கேன்னு இருக்கும் பாருங்க. பி-ன்னா லீனியர், அதாவது திருப்பற அளவுக்கு சமமா தடை மாறும். டோனுக்கு ஏ, அதாவது காது கேக்கற விதத்துக்கு ஏத்த மாதிரி தடை மாறுற ஆடியோ டேப்பர் வேணும். சிங்கிள் காயில்னா ஏ250கே போடுங்க.

கீபோர்டுல ரெண்டு கட்டை வேலை செய்யல...

கீபோர்டு சர்வீஸ் பண்றவங்ககிட்ட காட்டுங்க, எனக்கு அது தெரியாது.

எந்த கெப்பாசிட்டர் நல்லது?

மேலயே சொல்லிட்டேன் தம்பி.

கொண்டலாம்பட்டி, ஆர்கெஸ்ட்ரா கிட்டாரிஸ்ட்: பச்சை கலர் போதும்னு சொல்றது ரொம்ப தப்பு. நான் பழைய செராமிக்க எடுத்துட்டு எண்ணெய்ல ஊறின பேப்பர் கெப்பாசிட்டர் ரெண்டாயிரம் குடுத்து போட்டேன், சத்தமே திறந்துக்கிச்சு. காது இருக்கறவனுக்கு தெரியும்.

அண்ணே, உங்க காத நான் குறை சொல்லல, வித்தியாசம் கேட்டிருக்கும், நம்பறேன். ஆனா அது எண்ணெயால வந்ததான்னுதான் கேள்வி. டோன் எப்படி வேலை செய்யுது? பிக்கப்ல இருந்து வர்ற சத்தத்துல மேல் ஸ்தாயிய மட்டும் கெப்பாசிட்டர் வழியா எர்த்துக்கு இறக்கி விடுது, எவ்வளவு இறங்கணும்ங்கிறத பாட் தீர்மானிக்குது. பத்துல வச்சிருக்கறப்ப நடுவுல 250 கே தடை நிக்குது, கெப்பாசிட்டர் இருக்கறதே தெரியாது. அதனால எந்த இடத்துல வச்சு வித்தியாசம் கேட்டீங்க, பழைய செராமிக் மேல என்ன நம்பர் இருந்துச்சு, இந்த ரெண்டையும் சொல்லுங்க.

அதே அண்ணன்: டோன் நாலுல வச்சுதான் வாசிப்பேன். பழசுல 473. புதுசுல 0.022. ஆனா செராமிக்க தட்டினா ஆம்ப்ல சத்தம் வருதுன்னு கேள்விப்பட்டிருக்கேன், அதுக்கு என்ன சொல்றீங்க?

அண்ணே விடை நீங்களே சொல்லிட்டீங்க! 0.047-ல இருந்து 0.022-க்கு, பாதிக்கும் கீழ வந்திருக்கீங்க. திறந்துக்கிச்சுன்னு சொன்னீங்களே, அது இதுதான், மேல் ஸ்தாயி முன்ன மாதிரி இறங்கல. ரெண்டு ரூவா பச்சைல 223 போட்டிருந்தாலும் அதே திறப்பு வந்திருக்கும். செராமிக் சிலது தட்டினா சத்தம் எழுப்பும், அது நிஜம், வால்வ் ஆம்ப்ல 300 வோல்ட் ஓடுற இடத்துல அது பெரிய விசயம். கிட்டார் உள்ள ஒரு வோல்ட்கூட உருப்படியா வராத இடத்துல அது காதுக்கு வராதுண்ணே. ஆனா செராமிக், 20 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம், அத ஒத்துக்கறேன், அதனாலதான் போடறதுக்கு முன்னாடி அளந்து போடணும்ங்கிறேன்.

அழகாபுரம்: அந்த அண்ணன் சொல்றதுதான் கரெக்ட், பழைய கிட்டார்ல எல்லாம் பேப்பர்தானே?

பழைய கிட்டார்ல அப்ப கிடைச்சத போட்டாங்க. அதே பேப்பர் கெப்பாசிட்டருங்க இத்தன வருசத்துல மதிப்பு மாறிப்போயிருக்கும், அந்த மாறின மதிப்பத்தான் நாம "பழைய சத்தம்"னு கேக்கறோம்.

வால்யூம் குறைச்சா சத்தம் மங்கிடுது.

டோன் வயர் வால்யூம் பாட்டோட உள்ள வர்ற கால்ல இருக்கும், அத நடு காலுக்கு மாத்துங்க, 50-கள்ல கிப்சன்ல அப்படித்தான் இருந்துச்சு. மங்கறது குறையும், பதிலுக்கு டோன திருப்பறப்ப வால்யூமும் கொஞ்சம் ஆடும். அது பிடிக்கலன்னா டோன பழைய இடத்துலயே விட்டுட்டு, வால்யூம் பாட்டோட உள்ள வர்ற காலுக்கும் நடு காலுக்கும் குறுக்க 102 கெப்பாசிட்டரும் 150 கே ரெசிஸ்டரும் பக்கம் பக்கமா வைங்க. ரெண்டுல ஒண்ணு போதும்.

தாதகாப்பட்டி: பக்கத்துல தறி ஓடுது, கிட்டார்ல ஒரே உறுமல். கம்பிய தொட்டா நிக்குது. ஆம்ப் எர்த் பின்ன ஒடச்சிட்டா சரியாகும்னு நண்பன் சொன்னான்.

ஒடைக்காதீங்க. தயவுசெஞ்சு ஒடைக்காதீங்க. கம்பிய தொட்டா நிக்குதுன்னா வயரிங் சரியா இருக்குன்னு அர்த்தம், தொட்டா கூடுச்சுன்னாதான் ஜாக்ல (கேபிள் செருகற ஓட்டை) ரெண்டு வயர் இடம் மாறியிருக்கு. சிங்கிள் காயில் தறி மோட்டார் உறுமல வாங்கத்தான் செய்யும், நடு பிக்கப் எதிர் சுத்து சுத்தினதா இருந்தா சுவிட்ச ரெண்டாவது, நாலாவது இடத்துல வச்சா அது அடங்கிடும். எர்த்த எடுத்தா ஆம்ப்ல ஒரு கோளாறு வந்த அன்னைக்கு 230 வோல்ட் நேரா கம்பிக்கு வரும். ஒரு திருவிழா மேடைல மைக்க உதட்டுல வச்ச மாத்திரத்துல என்னையே தூக்கி எறிஞ்சிருக்கு, அன்னைக்கு கீழ மரப்பலகை இருந்ததால தப்பிச்சேன். 1972-ல ஸ்டோன் தி குரோஸ் பேண்ட் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி, ஸ்வான்சி மேடைல எர்த் சரியில்லாத மைக்க தொட்டு அங்கயே இறந்துட்டார். ரெண்டு பின் பிளக் குடுக்குற மேடைல டெஸ்டர் வச்சு பார்க்காம கிட்டார செருகாதீங்க.

சார் கெப்பாசிட்டர்...

223. இனி இதுக்கு பதில் சொல்லமாட்டேன்.

கொண்டலாம்பட்டி அண்ணன் மறுபடியும்: 0.022 விசயம் ஒத்துக்கறேன் தம்பி. ஆனாலும் எண்ணெய்க்கு ஒரு மெதுமெதுப்பு இருக்கு, என் காது பொய் சொல்லாது.

ஞாயித்துக்கெழம கிட்டாரோட மாடிக்கு வாங்கண்ணே. உங்க எண்ணெய் கெப்பாசிட்டர மீட்டர்ல அளந்து, அதே மதிப்புக்கு ஒரு பச்சை பாலியஸ்டர தேடி எடுத்து, ரெண்டையும் ஒரு சின்ன டாகிள் சுவிட்ச்ல போட்டு வைக்கிறேன். நீங்க கண்ண மூடிட்டு டோன் நாலுல வாசிங்க, என் பையன் சுவிட்ச தட்டுவான், எது எதுன்னு இருபது தடவ சொல்லுங்க. பதினஞ்சுக்கு மேல சரியா சொல்லிட்டீங்கன்னா இங்கயே வந்து நான் சொன்னது தப்புன்னு எழுதறேன்.