ஏலகிரி வாட்ச் டவர்: ஏறும் முன்னும் இறங்கும்போதும்
வாசகர் கேள்வி – பதில்

போன மே மாதம் குடும்பத்தோடு ஏலகிரி போனோம். மதியம் இரண்டு மணிக்கு டவரில் ஏறிப் பார்த்தால் எதிரே ஒரே வெள்ளையாக இருந்தது. ஜோலார்பேட்டைகூடச் சரியாகத் தெரியவில்லை. எப்போது போனால் நன்றாகத் தெரியும்?
– வாசகி, குடியாத்தம்

நீங்கள் போன மாதமும் சரியில்லை, நேரமும் சரியில்லை. கோடையில் காய்ந்த நிலத்திலிருந்து கிளம்பும் புழுதியும் புகையும் சூடான காற்றோடு மேலே எழும்பி, மலை உயரத்துக்கே வந்து நிற்கும். நடுப்பகலில் அதன் மேல் வெயில் பட்டுச் சிதறுவதால்தான் எல்லாம் வெளுத்துத் தெரிகிறது. போதாததற்குக் கானலும் சேரும். எவ்வளவு விலை உயர்ந்த பைனாகுலர் வைத்துப் பார்த்தாலும் அந்த நேரத்தில் பயனில்லை.

வேலூர், திருப்பத்தூர்ப் பக்கம் ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்காலம் இடி மழை வரும். அப்படி ஒரு மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையைப் பிடியுங்கள். தூசியை மழை கழுவியிருக்கும். ஏரிகள் தண்ணீரோடு பளபளக்கும். வடகிழக்குப் பருவமழை இடைவெளி விடும் நாட்களும் அதேபோலத்தான். மார்கழி, தையில் விடிகாலையில் போனால் பள்ளத்தாக்கு முழுக்கப் பனி மூடியிருக்கும். அதுவும் ஓர் அழகுதான். ஆனால் ஊர் பார்க்க வேண்டுமென்றால் வெயில் ஏறிப் பனி விலகும்வரை காத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஜோலார்பேட்டைக்குப் பக்கத்திலுள்ள பொன்னேரியிலிருந்து ஏறும் மலைப்பாதை, மலையின் மேற்குச் சரிவில் போகிறது. அங்கிருந்து பார்க்கும் ஜோலார்பேட்டையும் மேற்கே. காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதால், எதிரே இருக்கும் வயல், ரயில் பாதை, ஓட்டு வீடு எல்லாம் ஒளியில் துலக்கமாக இருக்கும். நான்கு மணிக்கு மேல் போனால் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். சூரியன் மறைவதைப் பார்ப்பதற்கு மாலை. ஊர்களை அடையாளம் பார்ப்பதற்குக் காலை.

டவர் இன்னும் பத்து மீட்டர் உயரமாக இருந்தால் இன்னும் தொலைவு தெரியுமா?
– கல்லூரி மாணவர், காட்பாடி

தெரியாது என்றே சொல்லலாம். நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். சமவெளியைவிட 600 மீட்டர் உயரத்தில் நின்றால் சுமார் 87 கி.மீ. அதை 610 மீட்டர் ஆக்கினால் முக்கால் கிலோமீட்டர்கூடக் கூடாது. மலை கொடுத்த உயரத்துக்கு முன் டவரின் உயரம் ஒன்றுமே இல்லை. அது செய்யும் வேலை வேறு: முன்னால் மறைக்கும் மரத்தையும் புதரையும் பாதை ஓரத்தையும் கண்ணுக்குக் கீழே தள்ளிவிடுகிறது. அதனால், டவர் மூடியிருந்தால் மனம் வாட வேண்டாம். மரம் மறைக்காத ஒரு திறந்த சரிவு கிடைத்தால் ஏறக்குறைய அதே காட்சிதான்.

புதிதாக ஆட்டோமேட்டிக் கார் வாங்கியிருக்கிறோம். இறங்கும்போது பிரேக்கிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. வண்டியில் கோளாறா?
– வாசகர், ராணிப்பேட்டை

வண்டியில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. ஓட்டிய முறையில்தான் கவனம் வேண்டும். ஏலகிரிப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். லீவரை ‘டி’யிலேயே, அதாவது வழக்கமாக ஓட்டும் நிலையிலேயே, விட்டுவிட்டு இறங்கினால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர்பாக்ஸ் தானாக மேல் கியருக்குப் போய்விடும். என்ஜின் இழுத்துப் பிடிக்காது. முழுப் பாரமும் பிரேக் தலையில் விழும். காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் பேட் சூடேறிப் பிடிமானம் குறையும். அதைவிட ஆபத்து பிரேக் ஆயிலில் இருக்கிறது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பல கார்களில் ஊற்றும் ‘டாட் 4’ வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 வரை இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி உண்டாகும். பெடலை மிதித்தால் பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

இறங்கும்போது லீவரைக் கீழ் கியரான ‘எல்’ அல்லது ‘2’இல் வையுங்கள், அது இல்லாத வண்டியில் மேனுவல் மோடில் போட்டு இரண்டாம் கியருக்குக் கொண்டு வாருங்கள். கியர் வண்டிக்காரர்களுக்குப் பழைய கணக்கே போதும்: எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். வளைவு வருவதற்கு முன், நேர்ப்பாதையிலேயே நன்றாக ஒரு மிதி மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை முழுவதும் எடுத்துவிட வேண்டும். லேசாக அழுத்தியபடியே வருவதுதான் சூட்டைக் கூட்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், என்ஜினை அணைத்து இறங்குவதும் உயிரோடு விளையாடுவது. என்ஜின் அணைந்தால் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங் இறுகிவிடும்.

வாடை வந்துவிட்டால் அகலமான இடத்தில் ஒதுங்கி, இருபது நிமிடமாவது ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றவே கூடாது. சூடான டிஸ்க் விரிசல் விடலாம், கோணிக்கொள்ளலாம். சக்கரத்துக்கு ஒரு கல்லைக் கொடுத்து, ஆட்டோமேட்டிக்கை ‘பி’யில் போட்டு நிறுத்துங்கள்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலை மேல் தங்கும் இடத்தில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால், இறக்கத்தில் வண்டியை இழுத்துப் பிடிக்கும்போது மோட்டார் திருப்பித் தரும் மின்சாரத்தை வாங்க பேட்டரியில் இடமிருக்காது. மோட்டார் இழுத்துப் பிடிப்பது குறைந்து, பிரேக்குக்கே வேலை போகும். 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

குறுகிய இடத்தில் எதிரே வண்டி வந்தால், ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. 2017ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறையும் அதையே சொல்கிறது. பஸ் திரும்ப வளைவின் முழு அகலமும் தேவை. ஹாரன் கேட்டதும் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். பாதி வளைவில் போய் நின்றால் இருவரும் நகர முடியாது.

சின்னவனுக்கு மூன்றாவது வளைவிலேயே வாந்தி. என்ன செய்வது?
– வாசகி, ஆற்காடு

வேலூரிலிருந்து வரும்போது ஆம்பூர் வழியில்தான் வரும். பிரியாணியைத் திரும்பும்போது சாப்பிடுங்கள். ஏறும் முன் வயிறு நிறையவும் கூடாது, காலியாகவும் கூடாது. இரண்டு இட்லி போதும். கண் எதிரே அசையாத திரையைப் பார்க்க, காது ஆட்டத்தை உணர, இரண்டும் முரண்படுவதால்தான் குமட்டுகிறது. அதனால் செல்போன் வேண்டாம். பின் சீட்டின் நடுவில் உட்கார வைத்து முன் கண்ணாடி வழியே தூரத்துப் பாதையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏசியைக் குறைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள். மாத்திரை வேண்டுமென்றால் குழந்தையின் டாக்டரைக் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். குமட்டல் ஆரம்பித்த பிறகு கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும்.

எந்த பைனாகுலர் வாங்கலாம்? 20 மடங்கு என்று விற்கிறார்கள்.
– ஆசிரியர், வாணியம்பாடி

20 மடங்கு வேண்டாம். அது கை நடுக்கத்தையும் 20 மடங்கு ஆக்கும். டவர் மேல் காற்றும் அடிக்கும். 8×42 (எட்டு மடங்கு, முன் லென்ஸின் விட்டம் 42 மி.மீ.) வாங்குங்கள், பகலில் மட்டும் என்றால் 8×30கூடப் போதும். எட்டு கிலோமீட்டருக்கு அப்பால் ஜோலார்பேட்டை ஜங்ஷனில் நிற்கும் ரயில், ஒரு கிலோமீட்டரில் நிற்பதுபோல் தெரியும். பெட்டி பெட்டியாக எண்ணலாம்.

வாங்கியவர்களில் பலர் கண்ணுக்குச் சரிசெய்யாமலே பார்க்கிறார்கள். முதலில் இரு குழல்களையும் மடக்கி, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகும்வரை கொண்டு வாருங்கள். வலப்பக்கத்தைக் கையால் மூடி, நடுவிலுள்ள திருகைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, வலக்கண் அருகிலுள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். அதன்பின் நடுத் திருகு மட்டும் போதும். கண்ணாடி அணிந்தவர்கள் ரப்பர் விளிம்பை உள்ளே தள்ளிவிட வேண்டும். கைப்பிடிக் கம்பியில் முழங்கையை ஊன்றினால் யாரோ படியேறும் அதிர்வும் படத்தில் ஆடும். முழங்கையை நெஞ்சோடு ஒட்டிப் பிடியுங்கள்.

அதே நாளில் காவலூர் வானாய்வகமும் பார்க்க முடியுமா?
– வாசகர், சோளிங்கர்

சனிக்கிழமை என்றால் முயலலாம்; பொதுமக்களை அன்றுதான் அனுமதிப்பது வழக்கம். நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் ஏலகிரி, பிறகு இறங்கி வாணியம்பாடி, ஆலங்காயம் வழியே ஜவ்வாது மலை. 1986இல் தொடங்கிவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. 1977இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்ததில் காவலூருக்கும் பங்கு உண்டு. இரவில் திரும்பும்போது வானாய்வகத்தின் அருகே ஹைபீம் போடாதீர்கள். அந்த இருட்டு அவர்களுக்கு வேலைக்கருவி.

டவரில் இருக்கும்போது இடி இடித்தால்?
– வாசகர், பேரணாம்பட்டு

முதல் இடிச் சத்தத்திலேயே இறங்குங்கள். மழை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரும்புப் படியும் கைப்பிடியும் மலை விளிம்பில் நிற்கும் உயரமும் மின்னலுக்கு வசதியானவை. மரத்தடியில் ஒதுங்காமல், கண்ணாடி ஏற்றிய காருக்குள் போய் உட்காருங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகு மறுபடி ஏறலாம். காருக்குள் போகும்போது தின்பண்டப் பையைக் கையில் தூக்கிக் காட்டாதீர்கள். குரங்குகள் மழைக்கு ஒதுங்கியிருந்தாலும் பையை விடாது.