டியாகோ இவி வாங்கினால் கட்டுப்படியாகுமா? விலை, ரேஞ்ச், வசதி பார்த்து எந்த பேட்டரி எடுக்கலாம்?

நீங்கள் எழுதியிருக்கும் விவரம் இது: மதுரையில் சொந்த வீடு, கார் நிறுத்த இடம் உண்டு. வேலைக்குப் போய்வர தினமும் 45 கி.மீ. மாதம் ஒரு முறை காரைக்குடியில் பெற்றோர் வீட்டுக்குப் போகவேண்டும். டாடா டியாகோ இவி என்ற மின்சாரக் காரில் சின்ன பேட்டரியா, பெரிய பேட்டரியா, இல்லை பேசாமல் பெட்ரோல் காரே எடுத்துவிடலாமா என்று குழப்பம்.

எடுங்கள். பெரிய பேட்டரியாக எடுங்கள். நான் திருச்சிக்காரன். 2023 தொடக்கத்திலிருந்து இதே காரின் பெரிய பேட்டரி வண்டியைத்தான் ஓட்டுகிறேன். உங்களுக்கு ஏன் ஒத்துவரும், எந்த இடத்தில் இடிக்கும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம். எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். இந்தக் காரில் இரண்டு பேட்டரி உண்டு. ஒன்றில் 19.2 யூனிட் மின்சாரம் பிடிக்கும், இன்னொன்றில் 24 யூனிட். 2022 செப்டம்பரில் அறிமுகமானபோது முதலாவது 250 கி.மீ., இரண்டாவது 315 கி.மீ. ஓடும் என்று அறிவித்தார்கள். பிறகு சோதனையில் வேகமான ஓட்டம் வரும் கட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, பெரிய பேட்டரிக்கு 293 என்று சொல்கிறார்கள். இந்த எண்கள் பொய் இல்லை. ஆனால் அவை சோதனைக்கூடத்தில் உருளைமேல் வண்டியை ஓட்டி எடுத்தவை. சித்திரை வெயிலில் ஏ.சி. போட்டு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு, பாலத்தில் ஏறி இறங்கி ஓட்டும்போது வருகிற கணக்கு வேறு.

என் வண்டி திருச்சிக்குள் யூனிட்டுக்கு எட்டரை கி.மீ. தருகிறது. அதாவது முழு சார்ஜுக்கு 200 கி.மீ.யை ஒட்டி வரும். நான்குவழிச் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போனால் 185, 190. அதே சாலையில் 100-ஐப் பிடித்தால் 160-க்கு இறங்கிவிடுகிறது. பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். பெட்ரோல் வண்டி நெடுஞ்சாலையில்தான் நல்ல மைலேஜ் தரும், ஊருக்குள் குடிக்கும். மின்சார வண்டி ஊருக்குள் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பி பேட்டரிக்கு அனுப்புகிறது. நெடுஞ்சாலையில் அதற்கு வாய்ப்பு குறைவு, வேகம் கூடக்கூட காற்றின் தடையும் மிக வேகமாகக் கூடும். அதனால் ஷோரூமில் சொல்லும் எண்ணில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கை உங்கள் பயணத்தில் பொருத்திப் பார்ப்போம். தினம் 45 கி.மீ.க்கு சின்ன பேட்டரியே தாராளம். ஆனால் மதுரையிலிருந்து காரைக்குடி போக 90 கி.மீ., போய்வந்தால் 180. சின்ன பேட்டரியில் அது நடக்காது, போன இடத்தில் சார்ஜ் போட்டே ஆகவேண்டும். பெரிய பேட்டரியில் நிதானமாக ஓட்டினால் திரும்பியே வந்துவிடலாம், ஆனால் கடைசி 20 கி.மீ. முழுக்க மீட்டரைப் பார்த்துக்கொண்டே வருவீர்கள். காரைக்குடியில் ராத்திரி தங்கும்போது பிளக்கில் போட்டுவிட்டால் இந்தக் கவலையே இல்லை. வருடம் பன்னிரண்டு முறை அப்பா அம்மாவைப் பார்க்கப் போகும் பயணத்தில் பதற்றம் இருக்கக்கூடாது என்றுதான் பெரிய பேட்டரி என்கிறேன்.

அடுத்தது விலை. ஷோரூம் விலை வகைக்குத் தகுந்தபடி சுமார் 8 லட்சத்தில் தொடங்கி 11 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் போகிறது. பெரிய பேட்டரி வேண்டுமென்றால் 10 லட்சத்தை ஒட்டி வரும். ஒரு காலத்தில் இந்த விலைக்கு ஒரு பெரிய நியாயம் இருந்தது: மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், சின்ன பெட்ரோல் காருக்கு செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 29 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் காருக்கும் அது 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதனால் இரண்டு காருக்கும் இடையிலான விலை வித்தியாசம் கூடிவிட்டது. இரண்டு மூன்று வருடத்துக்கு முன் எழுதிய ஒப்பீடுகளைப் படித்து முடிவெடுக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

இன்னொரு பக்கம் சாலை வரி இருக்கிறது. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம். மின்சார வண்டிக்கு முழு விலக்கு என்று அரசு 2025 இறுதி வரைக்கும் அறிவித்திருந்தது. என் வண்டியைப் பதிவு செய்தபோது அந்தச் சலுகை கிடைத்தது. நீங்கள் பதிவு செய்யும் தேதியில் அது நடப்பில் இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள். ஒரே கேள்வியில் லட்ச ரூபாய் அடங்கியிருக்கிறது. விற்பனைப் பிரதிநிதி வாயால் சொல்வது போதாது, கொட்டேஷனில் சாலை வரி என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

விலக்கு உண்டு என்றே எடுத்துக்கொள்வோம். ஒரு பெட்ரோல் ஆட்டோமேட்டிக் காரின் ஷோரூம் விலை 6.5 லட்சம் என்றால் வரியோடு ஏழேகால், ஏழரை ஆகும். இங்கே 10 லட்சம். இன்சூரன்ஸ் வேறு மின்சார வண்டிக்குக் கொஞ்சம் அதிகம். ஆக, இரண்டேமுக்கால் லட்சம் கூடுதலாகப் போடுகிறீர்கள். அது எப்போது திரும்பும் என்பதுதான் கேள்வி.

நீங்கள் மாதம் 1,200 கி.மீ. ஓட்டுவீர்கள் என்று கணக்கு வருகிறது. இ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பதால் 2,400 கி.மீ. சார்ஜ் ஏறும்போது வெப்பமாகப் போவதையும் சேர்த்தால் 100 கி.மீ.க்கு வீட்டு மீட்டரில் 13 யூனிட் ஓடும். மொத்தம் 310 யூனிட். இதை யூனிட் ஐந்து ரூபாய் என்று பெருக்கிப் போடுகிறவர்கள் பலர், அது தப்பு. உங்கள் வீட்டில் ஏற்கெனவே 350 யூனிட் ஓடுகிறது என்றால், கார் வந்ததும் 660 ஆகிவிடும். கார் குடிக்கும் மின்சாரம் எல்லாம் மேல் படிக்கட்டின் விலையில்தான் வரும். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி 400 யூனிட் வரை 4.80, அடுத்த நூறுக்கு 6.45, அதற்கடுத்த நூறுக்கு 8.55, 600-க்கு மேல் 9.65. கூட்டினால் காருக்கு மட்டும் 2,300 ரூபாய். 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரைக்கும் கிடைக்கும் கூடுதல் மானியமும் போய்விடுகிறது, அதற்கு ஒரு 250. ஆக 2,550.

அப்படியும் கி.மீ.க்கு ஒரு ரூபாய் ஆறு பைசாதான். ஊருக்குள் லிட்டருக்கு 16 கி.மீ. தரும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால், அதே 2,400 கி.மீ.க்கு 15,000 ரூபாய்க்கு மேல் ஆகும். மாதம் 6,300 ரூபாய் மிச்சம், வருடத்துக்கு 75,000. மூன்றரை, நான்கு வருடத்தில் கூடுதலாகப் போட்ட பணம் திரும்பிவிடும். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் இருப்பதால், பணம் திரும்பிய பிறகும் பயமில்லாமல் ஓட்டப் பாதிக்கு மேல் காலம் மீதி இருக்கிறது. இன்ஜின் ஆயில், கிளட்ச் என்ற செலவும் கிடையாது.

ஆனால் இதே கணக்கை மாதம் 500 கி.மீ. ஓட்டுகிறவருக்குப் போட்டால் ஒன்பது வருடம் ஆகிறது. என் நண்பர் ஒருவர் சனி, ஞாயிறு மட்டும் கார் எடுப்பவர். அவர் கேட்டபோது பெட்ரோல் காரே வாங்கச் சொன்னேன்.

வசதிகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் விளம்பரத்தில் அதிகம் பேசப்படுவதும் வாங்கிய பிறகு குறைவாகப் பயன்படுவதும் அவைதான். பாட்டுக் கருவி நன்றாக இருக்கிறது. மழை பட்டதும் தானாக ஓடும் வைப்பர் எனக்கு வருடத்தில் பத்து நாள் உதவுகிறது. மனதார வாழ்த்துவது ஒன்றை மட்டும்தான்: மொபைலிலிருந்தே ஏ.சி.யைப் போடுவது. மே மாதம் மூன்று மணிக்கு மத்தியப் பேருந்து நிலையம் பக்கம் வெட்டவெளியில் நின்ற காருக்குள் மனைவி உட்காரும்போது இருக்கை சுடாமல் இருக்கிறது. கைக்குழந்தையோ வயதானவர்களோ இருக்கிற வீட்டில் இந்த ஒரு வசதிக்காகவே அடுத்த வகைக்குப் போகலாம். எந்த வகையில் அது இருக்கிறது என்று கேட்டு எடுங்கள்.

ஓட்டுவதற்கு அவ்வளவு சுகம். சிக்னலில் பச்சை விழுந்ததும் சத்தமில்லாமல் முன்னால் நிற்கும். கியர் கிடையாது. காலை எடுத்தாலே வண்டி வேகம் குறையும். எவ்வளவு குறைய வேண்டும் என்பதை மூன்று அளவாக வைக்கலாம், வேண்டாமென்றால் நிறுத்தியும் விடலாம். நான் ஊருக்குள் மூன்றில் வைத்தே ஓட்டுகிறேன், பிரேக்கில் கால் வைப்பதே குறைந்துவிட்டது.

குறை என்றால், ஸ்டெப்னி கிடையாது. காற்றடிக்கும் கருவியும் பசை பாட்டிலும்தான் தருகிறார்கள். ஆணி குத்தினால் சமாளிக்கலாம், டயர் பக்கவாட்டில் கிழிந்தால் இழுத்துக்கொண்டுதான் போகவேண்டும். டிக்கி 240 லிட்டர், இரண்டு நடுத்தரப் பெட்டி வைக்கலாம். பின்னால் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் தோள் இடிக்கும்.

வேறு கார் பார்ப்பதானால், எம்.ஜி. காமெட் இன்னும் மலிவு, நிறுத்த இடம் தேடவே வேண்டாம், அவ்வளவு சின்னது. ஆனால் நாலு பேர்தான் உட்காரலாம், நெடுஞ்சாலையில் இருக்கும் வேக சார்ஜரில் ஏற்ற முடியாது, 17.3 யூனிட் பேட்டரி. காரைக்குடி உங்கள் பட்டியலில் இருப்பதால் அது வேண்டாம். நம் திருவள்ளூரில் தயாராகும் சிட்ரோயன் ஈசி3-யில் பேட்டரி பெரியது, 29.2 யூனிட், இடவசதியும் அதிகம். ஆனால் 2024-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு அது ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும் காரில் எனக்கு அது பெரிய விஷயம்.

நெடுஞ்சாலை சார்ஜரைப் பற்றி ஒன்று. வேக சார்ஜரில் 10-லிருந்து 80 சதவீதம் வர ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும், யூனிட்டுக்கு 20 ரூபாயை ஒட்டியோ மேலேயோ கேட்கிறார்கள். காசு பெரிதில்லை, நம்பகம்தான் பிரச்சினை. ஒரு முறை சென்னையிலிருந்து திரும்பும்போது, ஆப்பில் ‘வேலை செய்கிறது’ என்று காட்டிய சார்ஜர் முன்னால் ராத்திரி பத்து மணிக்குப் போய் நின்றேன். திரை இருட்டாக இருந்தது. மீதம் 18 சதவீதம், அடுத்த சார்ஜருக்கு 22 கி.மீ. ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஜன்னலை இறக்கி, 50-லேயே ஓட்டிப் போய்ச் சேர்ந்தோம். பின்னால் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு சென்னைக்கு மலைக்கோட்டை ரயில்தான். சார்ஜர் தேடவேண்டியிருந்தால் 30 சதவீதம் இருக்கும்போதே தேட ஆரம்பித்துவிடுகிறேன்.

கடைசியாகச் சொல்வதைத்தான் நீங்கள் முதலில் செய்யவேண்டும். வண்டி வாங்கிய புதிதில் மேலூரில் மாமனார் வீட்டுக்குப் போனோம். 110 கி.மீ. ஓடி, பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. ராத்திரி பவர் பிளக்கில் மாட்டினால் சார்ஜரில் சிவப்பு விளக்கு. வேறு பிளக், அதே சிவப்பு. அந்த வீட்டில் மோட்டார், கிரைண்டர் எல்லாம் நன்றாக ஓடுகின்றன, கார் மட்டும் ஏறவில்லை. காலையில் மைத்துனர் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தார். எர்த் கம்பி இருக்கிறது, அது போய் இறங்கும் குழி செத்துப்போய்ப் பல வருடம் ஆகியிருக்கிறது. கிணற்றடி ஓரம் ஆளுயரத்துக்குக் குழி தோண்டி, குழாயை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, நாலு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் பச்சை விளக்கு வந்ததும் அவரே எழுந்து வந்து பிளக்கைத் தொட்டுப் பார்த்தார். இத்தனை நாள் அந்த வீட்டில் ஃபிரிட்ஜையும் ஹீட்டரையும் எர்த் இல்லாமல்தான் தொட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

காரைக்குடி வீடு பழைய வீடாக இருந்தால் அங்கேயும் இதுவே நடக்க வாய்ப்பு அதிகம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இரண்டு வீட்டிலும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்து, கார் நிற்கும் இடத்துக்கு மீட்டரிலிருந்து நேராகத் தனி கம்பி இழுத்து, ஒரு 16 ஆம்பியர் பிளக் போட்டுவிடுங்கள். அந்த பிளக்கில் பெரிய பேட்டரி முழுதாக ஏற ஒன்பது மணி நேரத்தை ஒட்டி ஆகும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு மாட்டினால் காலையில் தயாராக இருக்கும். 7.2 கிலோவாட் சார்ஜர் வாங்கச் சொல்வார்கள், அதற்கு வீட்டு இணைப்பில் லோடு கூட்டவேண்டிவரும். தினம் 45 கி.மீ. ஓட்டும் உங்களுக்கு அது தேவையில்லை, அந்தப் பணத்தில் காரைக்குடி எர்த் வேலையை முடித்துவிடலாம்.