எற்பாடும் மீன்பாடும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் திருச்சிக்காரன். எட்டு மாதங்களாகத் தொண்டிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமப் பள்ளியில் தமிழாசிரியராக வேலை பார்க்கிறேன். இங்கு வருவதற்கு முன் கடலைச் சுற்றுலாவில் மட்டுமே பார்த்திருக்கிறேன். நெய்தல் என்றால் எனக்கு நினைவுக்கு வருபவை வகுப்பில் மனப்பாடம் செய்தவைதான்: பெரும்பொழுது ஆறும், சிறுபொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல். பிறகு வாசித்த கடற்கரைக் கதைகளிலும் புயல், திரும்பி வராத படகு, கரையில் அழும் பெண் என்றே இருந்தது.

இங்கே நான் பார்ப்பது வேறு. விடியற்காலை ஏலத்தில் பெண்கள் ஒருவரையொருவர் கேலி செய்து சிரிக்கிறார்கள். வலை பின்னுகிறவர்கள் மத்தியானம் முழுக்கக் கதை பேசுகிறார்கள். என் மாணவர்கள் மணலில் இருந்தால் ஒரு பொருளும் இல்லாமல் பொழுதைக் கழித்துவிடுகிறார்கள். இதையெல்லாம் எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால் கை கூசுகிறது. இவர்களுக்குக் கடன் இருக்கிறது, கடல் எல்லைப் பயம் இருக்கிறது. இவர்களுடைய சின்னச் சந்தோஷங்களை மட்டும் எடுத்து எழுதினால் துன்பத்தை மறைத்தது போல ஆகாதா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். சென்ற மாதம் கரைவலை இழுத்தபோது நானும் கயிற்றைப் பிடித்தேன். முடிந்ததும் ஒரு பாட்டி இரு கை நிறையச் சாளை மீனை என்னிடம் நீட்டினார். "வேண்டாம் பாட்டி, விற்றுக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. அதன் பிறகு என்னோடு பேசுவதில்லை. நான் நல்லெண்ணத்தில்தானே சொன்னேன்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டதாக நினைக்கிறீர்கள். எனக்கு அவை ஒன்றாகவே படுகின்றன. பாட்டியிடம் கடைசியில் வருகிறேன்.

நீங்கள் இருப்பது பெண்கடலின் ஓரம். நான் பிறந்தது ஆண்கடலின் ஓரம், கீழக்கரைக்குப் பக்கத்தில். இராமநாதபுரம் கரையில் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். உங்களுடையது அமைதியானது, எங்களுடையது முரடு. ஆனால் வருடம் முழுக்க அப்படி இராது. வாடை வீசத் தொடங்கினால் பெண்கடல் கொந்தளிக்கும், ஆண்கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வந்தால் எங்கள் பக்கம் அலை எழும், உங்கள் பக்கம் குளம் போலாகிவிடும். சிறுமியாக இருந்தபோது இதை நான் ஒரு வீட்டுச் சண்டையாகத்தான் புரிந்துகொண்டேன். ஒருவர் கோபப்படும் நாளில் மற்றவர் பேசாமல் இருக்கிறார் என்று.

மீனவர் வீட்டில் பிறந்தவள் என்பதால் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். படகு கரை தொட்டதும் எங்கள் ஊரில் முதல் கேள்வி, "பாடு உண்டா?" என்பதுதான். கிடைத்த மீனுக்குப் பெயர் மீன்பாடு. நாளிதழ்களும் "மீன்பாடு குறைந்தது" என்றுதான் எழுதுகின்றன. நிலத்தில் இருப்பவர்களுக்குப் பாடு என்றால் கஷ்டம். என் பாடு, உன் பாடு, பெரும்பாடு. உழைப்பதைப் பாடுபடுவது என்கிறோம். நீங்கள் மாணவர்களுக்கு நடத்தும் எற்பாட்டிலும் அதே சொல்தான் இருக்கிறது. எல் என்றால் கதிரவன், அவன் படுகிற நேரம் எற்பாடு. கயிறு இழுப்பவர்களைப் பார்த்து "பாடு" என்றால் வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டைத் தொடங்கிவிடுவார்கள். வருத்தம், உழைப்பு, பொழுது சாய்வது, பாட்டு, கிடைத்த மீன் எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே சொல் போதுமாக இருக்கிறது. அதைத் துன்பம் ஒரு பக்கம், இன்பம் ஒரு பக்கம் என்று பிரித்து வைக்கப் பார்த்ததால்தான் உங்கள் கை கூசுகிறது என்று நினைக்கிறேன்.

இரங்கலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெய்தல் பாட்டில் தலைவி ஏன் இரங்குகிறாள்? அவள் காத்திருக்கிறாள். பொழுது சாய்கிறது, பறவைகள் கூடு திரும்புகின்றன, வர வேண்டியவன் வரவில்லை. ஆனால் அவளைச் சுற்றி அந்தக் கரையில் என்னவெல்லாம் இருக்கின்றன என்று பாருங்கள். அடும்பங்கொடி பூத்திருக்கிறது. புன்னை மகரந்தத்தை உதிர்க்கிறது. பெண்கள் மணலில் சிற்றில் கட்டுகிறார்கள், நண்டைத் துரத்தி விளையாடுகிறார்கள். விளையாடிய இடத்திலேயே நின்றுதான் அவள் இரங்குகிறாள். அந்த விளையாட்டை எடுத்துவிட்டால் இரங்கலுக்கு இடமே இல்லை. காத்திருப்பு முடிவுக்கு வராதபோது அது இரங்கல். முடிந்துவிட்டால்? அதற்கு இலக்கணம் உரிப்பொருள் வகுக்கவில்லை. நான் அதைத் தினமும் பார்த்து வளர்ந்தேன்.

எங்கள் வீட்டில் இருந்தது பாய் கட்டி ஓடும் வள்ளம். பாய் கிழிந்தால் அம்மாதான் தைப்பாள். ஒரு முறை வேறு துணி கிடைக்காமல் கோதுமை மாவு வந்த சாக்கை வெட்டி ஒட்டுப் போட்டாள். அதன் பிறகு மாலையில் தொடுவானத்தில் பத்துப் பாய்கள் தெரிந்தால் எங்களுடையது எது என்று அவள் ஒருத்திக்குத்தான் முதலில் தெரியும். அந்த வெளிறிய ஒட்டு எனக்குக் கண்ணில் படுவதற்கு வெகு நேரம் முன்பே அம்மா எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிடுவாள். பேச மாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். மணலைத் தட்டுவதுதான் அடையாளம். உடனே நான் வீட்டுக்கு ஓடி உலை வைக்க வேண்டும். கடற்கரைக் கிராமத்தின் சந்தோஷம் எது என்று என்னைக் கேட்டால், அவள் மணலைத் தட்டும் அந்தச் சத்தத்தைச் சொல்வேன். இப்போது வள்ளங்கள் பைபர் படகுகளாகிவிட்டன, பாய்க்குப் பதில் இயந்திரம். உங்கள் ஊர்ப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே எந்த இயந்திரச் சத்தம் யார் வீட்டுடையது என்று சொல்வார்கள்.

இந்தச் சந்தோஷத்தில் பயம் இல்லையா? இருக்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட இரவைப் பற்றி அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். மார்கழிக் காற்றின் சத்தம் சற்று மாறினாலும் அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அதே அப்பத்தாதான் எல்லாப் படகும் திரும்பிய இரவுகளில் வெற்றிலை மடித்தபடி ஊரையே சிரிக்க வைப்பாள். பயந்தவளும் சிரித்தவளும் ஒரே ஆள்தானே, தம்பி? பயந்தவளை மட்டும் எழுதினாலும் பொய், சிரித்தவளை மட்டும் எழுதினாலும் பொய். எழுத்தில் நாம் அவளைப் பாதியாக வெட்டிவிடுகிறோம். அழுகிற பாதி கதைக்குப் போகிறது, சிரிக்கிற பாதி சுற்றுலா விளம்பரத்துக்குப் போகிறது.

கச்சான் மாதங்கள் எங்களுக்கு நெருக்கடியானவை. ஆனி, ஆடியில் வள்ளம் இறங்காத நாட்கள் பல. வீட்டில் காசு இருக்காது. அப்போது பெண்கள் கடற்பாசி எடுக்கப் போவார்கள். கண்ணாடியை முகத்தில் மாட்டிக்கொண்டு, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றி, மூச்சுப் பிடித்து மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளி எடுத்துவருவார்கள். கடினமான வேலை. கைகள் எப்போதும் வெடித்திருக்கும். 1986-இல் அங்குள்ள 21 தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா ஆக்கிய பிறகு தீவோரங்களுக்குப் போவதே அச்சத்துக்குரியதாகிவிட்டது. இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் சொல்கிறேன், என் அத்தைகள் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டது அந்த நீருக்குள்தான். வீட்டில் மாமியார் உண்டு, திண்ணையில் ஆண்கள் உண்டு. கழுத்தளவு நீரில் ஐந்தாறு பெண்கள் மட்டும். மூழ்கி எழுந்தவள் மூச்சு வாங்குவதற்குள் அடுத்தவள் எதையாவது சொல்லிவிடுவாள், சிரித்ததில் உப்புத் தண்ணீர் வாய்க்குள் போய்விடும். கூலி கிடைத்ததற்கு அவர்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

உங்கள் மாணவர்களைப் பற்றி "ஒரு பொருளும் இல்லாமல்" என்று எழுதியிருக்கிறீர்கள். பொருள் நிறைய இருக்கிறது, உங்கள் கண்ணுக்கு இன்னும் பழகவில்லை. அலை பின்வாங்கும்போது மணலில் சிறு குமிழ் வருகிறதா என்று பார்க்கிற பையன் மட்டி தேடுகிறான். குதிகாலால் மணலைத் திருகுகிற பெண்ணும் அதைத்தான் தேடுகிறாள். நிலவில்லாத இரவில் கரையோர நீரைக் காலால் அளைந்தால் சில பருவங்களில் நீல வெளிச்சம் சிதறும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் நீர் கலங்கும்போது ஒளிவிடுவதால் வருவது அது. எங்களுக்கு அந்தக் காரணம் தெரியாது. யார் கால் அதிகம் மினுங்குகிறது என்பதில்தான் போட்டி. ஒரு நாள் வகுப்பில் மீன்களின் பெயர்களைக் கேளுங்கள். நீங்கள் திருச்சியில் வஞ்சிரம் என்று வாங்குவதை இவர்கள் சீலா என்பார்கள், கன்னியாகுமரிப் பக்கம் அதுவே நெய்மீன். பின்வரிசையில் பேசாமல் இருக்கும் பையன் அன்று எழுந்து நின்று நாற்பது பெயர் சொல்வான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது ஊர் எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். வருமானம் இல்லாத காலம்தான். ஆனால் அப்பா வீட்டில் இருக்கிற காலமும் அதுவே. குழந்தைகள் அதை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள்.

இனி கரைவலை. நீங்கள் கயிற்றைப் பிடித்திருக்கிறீர்கள், ஆகவே வலை அரைவட்டமாகப் போய்த் திரும்புவதையும், இரண்டு கூட்டம் இரண்டு கயிற்றை இழுத்தபடி மெல்ல மெல்ல ஒன்றையொன்று நெருங்குவதையும் நான் விளக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் கயிறு கல்லைப் போலக் கனக்கும். மணிக்கணக்காக இழுத்தாலும் கடல் எதையும் தருவதாகத் தெரியாது. கடைசிக் கொஞ்ச தூரத்தில் நீருக்குள் ஒரு துடிப்பு கயிறு வழியாகக் கைக்கு வரும். அதை நீங்கள் உணர்ந்தீர்களா? அப்போது பாட்டு வேகமாகும், சிறுவர்கள் நீரில் இறங்கி அடிப்பார்கள், பருந்துகள் தாழ்ந்து வட்டமிடும். மீன் வந்து சேர்கிற அந்தப் பைக்கு எங்கள் கரைகளில் மடி என்று பெயர். மடி கரையேறியதும் எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். சில நாள் சாளை வெள்ளியைக் கொட்டியது போல இருக்கும். சில நாள் காரல் பொடிமீனும் குப்பையும் மட்டும். எதுவாக இருந்தாலும் பங்கு உண்டு. வலைக்கு, படகுக்கு, ஆளுக்கு என்று அது கணக்கு.

ஆனால் உங்களுக்கு அந்தப் பாட்டி நீட்டியது அந்தக் கணக்கில் சேராதது. அது கறிக்கு மீன். வழியோடு போனவர் கயிற்றில் ஒரு கை வைத்திருந்தாலும் அவர் வெறுங்கையோடு போகக் கூடாது. அப்படிப் போனால் மடிக்கு ஆகாது என்பாள் எங்கள் அப்பத்தா. அந்தப் பாட்டி அதைத் தானமாகத் தரவில்லை. நீங்கள் இழுத்தீர்கள், உங்களுக்கும் பாடு உண்டு என்று சொன்னார், அவ்வளவுதான். அந்தக் கரையில் ஒருவரை ஊர்க்காரராக ஏற்பதற்கு வேறு சடங்கு கிடையாது. நீங்கள் "விற்றுக்கொள்ளுங்கள்" என்றபோது அவருக்கு என்ன கேட்டிருக்கும்? நீ ஏழை, உனக்குக் கொடுக்கும் தகுதி இல்லை என்று கேட்டிருக்கும். உங்கள் மனத்தில் அது இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இரக்கத்தோடு மட்டும் பார்த்தால், கொடுக்க வருகிற கையும் நமக்கு வாங்க வருகிற கையாகத்தான் தெரிகிறது. எழுத உட்காரும்போது உங்களுக்கு வருகிற கூச்சமும் இதே இடத்திலிருந்துதான் வருகிறது. அவர்கள் தங்கள் சிரிப்பையும் உங்களுக்கு நீட்டியிருக்கிறார்கள்.

மன்னிப்புக் கேட்டுப் போய் நிற்க வேண்டாம், அவருக்கு அது இன்னும் சங்கடமாக இருக்கும். அடுத்த முறை வலை வளைக்கும்போது போய்க் கயிற்றைப் பிடியுங்கள். இந்த முறை கையோடு ஒரு ஓலைக் கொட்டானோ பையோ கொண்டு போங்கள், அதைப் பார்த்தாலே அவருக்குப் புரிந்துவிடும். அவர் எவ்வளவு கொடுத்தாலும் எண்ணாமல் வாங்கிக்கொள்ளுங்கள். சாளையாக இருந்தால் அன்றைக்கே சமைத்துவிட வேண்டும், அது காத்திராது. செதிலை உரசி, தலையைக் கிள்ளி, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிக் கொஞ்ச நேரம் வைத்துப் பொரியுங்கள். குழம்பு வைப்பதானால் புளி எவ்வளவு என்பதை மட்டும் முதலிலேயே அந்தப் பாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா