சான்றிதழில் 'மாரடைப்பு' என்று இருந்தாலும் கொரோனா நிவாரணம் கேட்கலாம்

சகோதரி, 2021 மே மாதம் மேலூர் வீட்டிலேயே இறந்த அப்பாவின் இறப்புச் சான்றிதழில் 'மாரடைப்பு' என்று இருப்பதால் 50,000 ரூபாய் கொரோனா நிவாரணம் கிடையாது என்றார்களா? அதை நம்பி விட்டுவிடாதீர்கள். தொற்று உறுதியாகி 30 நாளுக்குள் இறந்தால், வீட்டில் இறந்தாலும் கொரோனா மரணம்தான். சான்றிதழில் எழுதவில்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 4.10.2021 அன்றே சொல்லிவிட்டது.

முதலில் கொரோனா பரிசோதனை முடிவைத் தேடுங்கள். அப்பாவின் பழைய போனில் வந்த குறுஞ்செய்தி, டாக்டர் பார்த்து எழுதிய ஸ்கேன் ரிப்போர்ட், எது கிடைத்தாலும் சரி.

மனுவுக்கான கெடு 2022-லேயே முடிந்துவிட்டது, அதுதான் சிக்கல். ஆனாலும் உரிய நேரத்தில் கொடுக்க முடியாதவர்கள் மாவட்டக் குறைதீர்ப்புக் குழுவை அணுகலாம் என்று அதே நீதிமன்றம் வழிவிட்டிருக்கிறது. அம்மா படுக்கையில் கிடந்ததால்தான் தாமதம் என்று மருத்துவச் சீட்டோடு அந்தக் குழுவுக்கு மனு எழுதுங்கள். திங்கட்கிழமை மதுரை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் நேரில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.