பட்டறைப் பதில்கள்: உடைவதற்கென்றே ஒரு பாகம்

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் நாற்பது வருஷமாக மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், மோட்டார் என்று கையில் கிடைத்ததையெல்லாம் பழுது பார்த்து வரும் மெக்கானிக், இந்த மாதமும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

எங்கள் மிக்ஸியில் ஒரே வருஷத்தில் மூன்றாவது தடவையாக, மோட்டாரையும் ஜாரையும் இணைக்கிற கப்ளரின் பல் போய்விட்டது. ரப்பராக இருப்பதால்தான் இப்படி ஆகிறது, லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து போட்டால் ஆயுசுக்கும் உழைக்கும் என்கிறார் வீட்டுக்காரர். செய்யலாமா?
வாசகி, கோட்டையூர்

செய்ய வேண்டாம் ஆச்சி. லேத்காரர் கடைந்து கொடுத்துவிடுவார், அதில் சந்தேகமில்லை. அப்புறம் உடைவது கப்ளராக இருக்காது, அதுதான் சிக்கல்.

மிக்ஸி மோட்டார் ஜார் இல்லாமல் ஓடினால் நிமிஷத்துக்கு 18,000 சுற்று, 20,000 சுற்று என்று போகும். அந்த ஓட்டத்தில் ஒரு விரலி மஞ்சளோ, தவறி விழுந்த ஸ்பூனோ பிளேடில் சிக்கினால், சுற்றிக்கொண்டிருந்த அத்தனை விசையும் ஒரே நொடியில் எதையாவது பிய்த்தாக வேண்டும். எதைப் பிய்ப்பது என்று மிக்ஸியை வடிவமைத்தவர் முன்னாலேயே முடிவு செய்து வைத்திருக்கிறார். அதுதான் அந்த ரப்பர் பல். இரண்டு தேங்காய் விலையில் கதை முடிந்துவிடும்.

கண்டனூரிலிருந்து ஒருவர் ஒரு மிக்ஸியை மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். உங்கள் வீட்டுக்காரருக்கு வந்த யோசனையை அவர் செயலிலேயே காட்டியிருந்தார். ஜாரின் அடிப்பாகம் விண்டு, மோட்டார் தண்டு வளைந்து, ஆர்மேச்சர் உரசி, காயில் கருகிக் கிடந்தது. பித்தளைக் கப்ளர் மட்டும் நேற்றுக் கடைந்தது மாதிரி பளபளவென்று இருந்தது. அதைக் கழற்றி மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். இந்த யோசனையோடு வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவேன்.

சரி, மூன்று தடவை ஏன் போனது? குற்றவாளி பெரும்பாலும் ஜார்தான். ஜாரைக் கவிழ்த்து அடியில் இருக்கும் சக்கரத்தை விரலால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுழல வேண்டும். கரகரவென்று இருந்தாலோ, விட்டு விட்டுப் பிடித்தாலோ உள்ளே பிளேடுத் தண்டைத் தாங்கி நிற்கும் புஷ் தேய்ந்துவிட்டது. அரைத்து முடித்த பிறகு ஜாருக்கு அடியில் கறுப்பாகத் தண்ணீர் கசிந்தாலும் அதே வியாதிதான். எந்த ஜாரைப் போட்டால் கப்ளர் போகிறது என்று கவனியுங்கள், சின்னச் சட்னி ஜாராகவே இருக்கும். புஷ்ஷையும் பிளேடையும் மாற்றாமல் கப்ளரை மட்டும் மாற்றுவது, முள்ளை எடுக்காமல் செருப்பை மாற்றுவது போல.

நீங்களே மாற்றுவதானால் ஒரு சூட்சுமம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மோட்டார் ஓடும் திசையிலேயே கப்ளரைத் திருப்பினால்தான் கழலும். எதிர்த்திசையில் திருப்பினால் இன்னும் இறுகும். தெரியாமல் எதிர்ப்பக்கம் திருகி மரையை அழித்துக்கொண்டு வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு.

வெயில் காலம் வந்தாலே எங்கள் வீட்டு ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது. பேரிங் போய்விட்டதா?
வாசகர், பள்ளத்தூர்

பேரிங் போனால் சத்தம் வரும். சத்தமில்லாமல் வேகம் மட்டும் குறைந்தால் கண்டென்சர். மேலே கிண்ணத்துக்குள் உருளையாக இருக்கும், பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். சூட்டில் அதன் சக்தி வருஷா வருஷம் குறைந்துகொண்டே வரும். சித்திரையில் ஊரே ஃபேனைப் போட்டு வோல்டேஜும் இறங்கும்போது குட்டு வெளிப்படும். பழையதில் போட்டிருக்கும் அதே அளவைக் கேட்டு வாங்குங்கள். கூடுதலாகப் போட்டால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், காயில் சூடாகும்.

எங்கள் ஐயா காலத்து ஃபேன் வீட்டின் இரண்டாம் கட்டில் இன்னும் ஓடுகிறது. போன வருஷம் வாங்கியது போய்விட்டது. அந்தக் காலத்து மிஷின்கள் மாதிரி இப்போது ஏன் செய்வதில்லை? வேண்டுமென்றே கெட்டுப்போகிற மாதிரி செய்கிறார்களா?
வாசகர், தேவகோட்டை

இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. எழுதுகிறவர்கள் நான் ‘ஆமாம்’ என்று சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள். முக்கால் பங்கு ஆமாம் என்று சொல்ல முடியாது தம்பி.

ஒரு நாள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வந்து பாருங்கள். பழைய பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் கப்பலில் வந்த சுவர்க் கடிகாரம், கால் தையல் மிஷின், இரும்புப் பெட்டி, எனாமல் தூக்கு எல்லாம் கிடைக்கும். பார்த்தால் அந்தக் காலத்தில் எல்லாமே இரும்பால் அடித்தது மாதிரிதான் தோன்றும். ஆனால் அந்தத் தெருவுக்கு வருவது பிழைத்த சாமான் மட்டும்தான். பிழைக்காதது எல்லாம் எப்போதோ காயலான் கடைக்குப் போய், உருகி, வேறு ஏதோ ஒரு வீட்டுக்குக் கம்பியாகப் போய்விட்டது. உங்கள் ஐயா ஐந்து ஃபேன் வாங்கியிருப்பார். ஓடுகிற ஒன்றைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். மற்ற நான்கைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இன்னொன்று, அன்றைக்கு ஃபேன் வாங்குவது கிணறு வெட்டுவது மாதிரி. வீடு கூடிப் பேசி எடுக்கும் முடிவு. இன்றைக்கு ஃபேனைக் கல்யாணச் சீரோடு ஆறு ஏழாக வாங்கி அடுக்குகிறோம், விலையும் அடித்துப் பேசுகிறோம். அந்தப் பேரம் எங்கேயாவது போய் விழ வேண்டுமே. காயிலில் விழுகிறது.

ஓட்டல் கிரைண்டர் மோட்டாரில் ஆரம்பித்து நானே காயில் கட்டிப் பழகியவன், அதனால் சொல்கிறேன். மலிவு மோட்டார்களில் செம்புக் கம்பிக்குப் பதில் அலுமினியக் கம்பி வருகிறது. ஒரே தடிமனில் செம்பு 100 பங்கு மின்சாரம் கடத்தினால் அலுமினியம் 60 பங்குதான் கடத்தும். மிச்சத்துக்குச் சூடாகும். கம்பியைத் தடிமனாக்கி அதைச் சமாளிக்கலாம், நல்ல கம்பெனிகள் அப்படிச் செய்கின்றன. அதற்கு மோட்டாருக்குள் இடம் வேண்டும், இரும்பு வேண்டும், இரண்டுக்கும் காசு வேண்டும். காயிலின் மேல் இருக்கிற இன்சுலேஷன் தாங்கும் சூட்டைவிட 10 டிகிரி கூடினால் அதன் ஆயுசு ஏறக்குறைய பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. 20 டிகிரி கூடினால் கால்வாசி. மிஷின்கள் வயதாகிச் சாவதைவிட வெந்து சாவதுதான் அதிகம்.

வேண்டுமென்றே செய்கிறார்களா என்று கேட்டீர்கள். கெட வேண்டும் என்று திட்டம் போடுவதை நான் பார்த்ததில்லை. திறக்கக் கூடாது என்று திட்டம் போடுவதைத் தினமும் பார்க்கிறேன். உங்கள் ஐயாவின் ஃபேனைக் கழற்றினால் பேரிங்கில் 6202 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் எந்தக் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள், எந்தக் கம்பெனி செய்ததானாலும் பொருந்தும். அந்த ஃபேன் இத்தனை வருஷம் ஓடியதன் ரகசியம் இரும்பின் கனத்தைவிட அந்த எண்ணில்தான் இருக்கிறது. இப்போது சில சாமான்களில் ஸ்க்ரூவே இல்லை, ஒட்டியே விடுகிறார்கள். அதைத் திறப்பதென்றால் உடைத்துத்தான் திறக்க வேண்டும்.

அதற்காகப் புதியதை வைகிறேன் என்று நினைக்காதீர்கள். சர்க்யூட் போர்டு வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட் சொச்சத்தில் ஓடுகிறது. ஐயாவின் ஃபேன் 75 வாட் இழுக்கும். தினம் 12 மணி நேரம் ஓடினால் வருஷத்துக்கு ஏறக்குறைய 200 யூனிட் வித்தியாசம். என் வீட்டில் இரண்டு மாட்டியிருக்கிறேன். அந்தப் போர்டுக்கு இடி மின்னலும் வோல்டேஜ் துள்ளலும் ஆகாது. மழை இறங்கும் முன் மெயினை அணைக்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு வெள்ளையடிக்க முகப்பில் இருந்த ஊசல் கடிகாரத்தை இறக்கினோம். திரும்ப மாட்டியதிலிருந்து ஐந்து நிமிஷம் ஓடி நின்றுவிடுகிறது. யாரோ சொன்னார்கள் என்று தேங்காய் எண்ணெய் விட்டோம். பயனில்லை.
வாசகி, கானாடுகாத்தான்

எண்ணெய் விட்டதுதான் ரிப்பேர் ஆச்சி. அதற்கு முன்பு கடிகாரத்துக்கு ஒன்றுமில்லை.

ஊசல் கடிகாரம் சுவரில் நேராக நிற்க வேண்டும். காதை வைத்துக் கேளுங்கள். ‘டிக்… டாக்… டிக்… டாக்’ என்று சம இடைவெளியில் வந்தால் ஓடும். ‘டிக்டாக்… டிக்டாக்’ என்று நொண்டினால் நின்றுவிடும். பெட்டியின் அடிப்பக்கத்தை இடமாகவோ வலமாகவோ ஒரு நூல் நகர்த்தி, சத்தம் சமமாகும் இடத்தில் நிறுத்துங்கள். பார்வைக்குக் கொஞ்சம் கோணலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, கடிகாரத்துக்குக் காதுதான் ரசமட்டம். சரியான இடம் கிடைத்ததும் பென்சிலால் சுவரில் சின்னதாகக் கோடு போட்டுவிடுங்கள். அடுத்த வெள்ளையடிப்பில் அழியும், அப்போது திரும்பப் போடலாம்.

தேங்காய் எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். நாளாக ஆக அது பிசினாகிவிடும். வெள்ளையடித்த வீட்டில் சுண்ணாம்புத் தூசி வேறு பறக்கும். இரண்டும் சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரிதான், பித்தளைப் பல்லை அரைத்துவிடும். கடிகாரக்காரரிடம் கொடுத்துக் கழுவி, கடிகார எண்ணெய் ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். தையல் மிஷினுக்கும் இதே விதி: மிஷின் எண்ணெய் மட்டும்தான்.

வெயில் காலத்தில் கொஞ்சம் பின்தங்கினால் பயப்பட வேண்டாம். இரும்புத் தண்டு உள்ள ஊசல் 10 டிகிரி சூட்டுக்கு நாளைக்கு 5 விநாடி அளவில் மெதுவாகும். ஊசல் குண்டுக்கு அடியில் உள்ள மரையை லேசாக மேலே ஏற்றினால் சரியாகிவிடும்.

போர் தண்ணீரில் எங்கள் கீஸர் தொட்டி இரண்டே வருஷத்தில் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. சேஃப்டி வால்வும் சொட்டிக்கொண்டே இருந்தது, பிளம்பர் அதை அடைத்துவிட்டார். அடுத்த கீஸரை எப்படிக் காப்பாற்றுவது?
வாசகர், காரைக்குடி

முதலில், அடைத்த வால்வை அப்படியே புதுக் கீஸருக்கு மாற்றிவிடாதீர்கள். தண்ணீர் சூடாகும்போது விரியும், அந்த விரிவில் வால்வு கொஞ்சம் சொட்டுவது அதன் வேலை. ஓயாமல் கொட்டினால் வால்வை மாற்ற வேண்டும். அடைத்தால் அழுத்தம் ஏறித் தொட்டியே வெடிக்கும். குக்கரின் சேஃப்டி வால்வுக்குப் பதில் ஆணி வைக்கிறவர்கள், ஃப்யூஸ் கம்பிக்குப் பதில் தடித்த செப்புக் கம்பியை முறுக்குகிறவர்கள் எல்லாரும் உங்கள் பிளம்பருக்குச் சொந்தக்காரர்கள்தான்.

இப்போது துரு. செக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு துருவைப் பற்றி என்னைக் கேட்கிறீர்களே! 1948-இல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து நம் ஊருக்கு வந்த நிறுவனம், உலோகம் எப்படி அரிக்கிறது என்று ஆராய்வதே அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. மண்டபத்தில் கடல்காற்றில் தகடுகளை வைத்துப் பார்க்கிறார்கள். அங்கே வேலை பார்த்த ஒருவர் தன் மிக்ஸியைக் கொடுக்க வந்தபோது எனக்குச் சொன்ன பாடம் இது.

கீஸர் தொட்டிக்குள் மெக்னீசியத் தண்டு ஒன்று இருக்கும். இரண்டு உலோகம் ஒரே தண்ணீரில் ஒட்டி இருந்தால், அரிப்புக்கு எளிதில் இடம் கொடுக்கிற உலோகம் முதலில் கரையும், மற்றது தப்பிக்கும். மெக்னீசியம் இரும்புக்காகக் கரைகிறது. கிணற்றடி இரும்பு வாளிக்கு மேல் துத்தநாகம் பூசுவதும் இதே காரணத்துக்குத்தான். தண்டு முழுக்கக் கரைந்த பிறகு அரிப்பு தொட்டிக்குத் திரும்பும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வருஷம் ஒரு தடவை தண்டை வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் தடிமன் இருந்தது பென்சில் தடிமனாகிவிட்டால் புதிது போட வேண்டியதுதான். வாங்கும்போதே கடைக்காரரிடம் “இந்தத் தண்டு தனியாகக் கிடைக்குமா?” என்று கேளுங்கள். விழித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். எலிமெண்ட்டில் படிந்த உப்பையும் அப்போதே சுரண்டிவிடலாம். உப்பு மூடிய எலிமெண்ட் சூட்டைத் தண்ணீருக்கு விடாமல் தானே எரிந்துபோகும்.

புது கிரைண்டர் வாங்கி மூன்றாம் மாதமே மோட்டார் போய்விட்டது. பக்கத்து வீட்டில் அதே கிரைண்டர் பத்து வருஷமாக ஓடுகிறது. எங்கள் ராசி சரியில்லையா?
வாசகி, புதுவயல்

ராசி இல்லை தங்கச்சி. மிஷினுக்கும் பிள்ளைப் பருவ கண்டம் உண்டு. சரியாக ஒட்டாத ஓர் ஈயப் பற்று, முறுக்காமல் விட்ட ஒரு ஸ்க்ரூ, காயிலில் விழுந்த ஒரு கீறல், இவையெல்லாம் முதல் சில மாதத்தில் காட்டிக் கொடுத்துவிடும். அதைத் தாண்டியது பல வருஷம் பேசாமல் ஓடும். அப்புறம் பெல்ட், பேரிங் என்று தேய்மானத்தில் போகும். வாரண்டி என்று தருவது பெரும்பாலும் அந்த முதல் கண்டத்துக்குத்தான்.

எனக்கே நடந்தது. கார்த்திகைக்கு வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு ஆட்ட வேண்டும் என்று வீட்டம்மா கேட்க, புதிதாக டேபிள் டாப் ஒன்று வாங்கினேன். பதினோராம் நாள் புகை. நாற்பது வருஷ மெக்கானிக்காயிற்றே, விடுவேனா? நானே பிரித்தேன். பிரித்ததால் வாரண்டி செல்லாது என்று கம்பெனிக்காரர் சொல்லிவிட்டார். மாவைப் பழைய ஆட்டுக்கல்லில் நான்தான் ஆட்டினேன்.

நீங்கள் எதையும் பிரிக்காதீர்கள். பில்லைத் தேடுங்கள். கிடைத்ததும் ஒரு நகல் எடுத்துக் கிரைண்டருக்கு அடியிலேயே ஒட்டிவிடுங்கள், பில்லின் எழுத்து ஒரே வெயிலில் மங்கிவிடுகிறது.